பெண்கள் சைக்கிள் ஏறிய கதை



ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்த காலத்தில், எங்கள் வீட்டில் ஒரே ஒரு சைக்கிள் இருந்தது. அப்பா ஓட்டுவார், அண்ணன் ஓட்டுவான். நான் ஒருநாள் திருட்டுத்தனமாக ஏறி, விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்றார் பாட்டி. அத்தோடு சரி.

என் பாட்டி கேட்ட அதே கேள்வியை, உலகத்துப் பெரிய பந்தயங்களை நடத்தியவர்களும் கேட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பல கட்டச் சைக்கிள் பந்தயம் என்பது ஒரே நாளில் முடிவதன்று. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு, நாள்தோறும் ஒரு கட்டம் என ஓட்டுவார்கள். அன்றாடம் நிறுத்த பாலின் எடையை மாதக் கடைசியில் கூட்டுகிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டுவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். பிரான்சு நாட்டைச் சுற்றும் பந்தயம் 1903-ஆம் ஆண்டு தொடங்கியது. நம் நாட்டில் 1996-இல் தொடங்கிய லங்காவிப் பந்தயமும் இவ்வகையே. ஜொகூர்ச் சாலைகளிலும் அது ஓடியிருக்கிறது. இரண்டுமே ஆண்களுக்காகத் தொடங்கியவை.

இத்தாலி நாட்டில் 1891-இல் ஓர் ஏழை விவசாயக் கூலிக் குடும்பத்தில் அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா என்ற பெண் பிறந்தார். அவருடைய அப்பா கோழிகளைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய சைக்கிளை வாங்கி வந்தார் என்று சொல்வார்கள். மகள் அதை ஓட்டப் பழகினாள்; ஊர் சிரித்தது. பிற்பாடு கல்யாணத்தின்போது கணவர் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? பந்தயச் சைக்கிள்!

1924-ஆம் ஆண்டு இத்தாலியைச் சுற்றும் பெரும்பந்தயத்தில் அவர் கலந்துகொண்டார். பெயர்ப் பட்டியலில் 'அல்ஃபோன்சின்' என்று கடைசி எழுத்தில்லாமல் அச்சாகியிருந்ததால், வருபவர் பெண் என்பது பலருக்கு முதலில் தெரியவில்லை. 12 கட்டங்கள், 3,600 கிலோமீட்டருக்கும் மேல். சாலைகளோ சேறும் கல்லுமானவை. எட்டாவது கட்டத்தில் காற்றும் மழையும் அடித்து, விழுந்ததில் அவருடைய கைப்பிடி உடைந்துபோயிற்று. ஒரு விளக்குமாற்றுக் கட்டையைச் செருகிக் கட்டிக்கொண்டு ஓட்டிச் சேர்ந்தார் என்பது இன்றளவும் அந்நாட்டில் சொல்லப்படும் கதை. ஆனால் குறித்த நேரம் கடந்துவிட்டது. கணக்கில் சேராவிட்டாலும் கடைசிவரை ஓட்ட அவரை அனுமதித்தார்கள். புறப்பட்டவர் 90 பேர். கணக்கில் சேர்ந்து முடித்தவர்கள் 30 பேர்தாம். அவர்களோடு அல்ஃபோன்சினாவும் மிலான் நகரை வந்தடைந்தார்! அதன்பின் அவரை அந்தப் பந்தயத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிரான்சில் 1955-இல் பெண்களுக்கென ஒருமுறை பல கட்டப் பந்தயம் நடந்து, அத்தோடு நின்றது. பிறகு 1984-இல்தான், ஆண்கள் ஓடும் அதே நாள்களில், அதே சாலைகளின் ஒரு பகுதியில், பெண்களுக்கு 18 கட்டங்கள் வைத்தார்கள். பெண்களின் உடல் தாங்காது என்று சொன்னவர்கள் பலர். புறப்பட்ட 36 பேரில் 35 பேர் பாரிஸ் நகரை அடைந்தார்கள்! வென்றவர் அமெரிக்கரான மரியான் மார்ட்டின். அவருக்குக் கிடைத்த பரிசு ஏறக்குறைய 1,000 டாலர். அதே ஆண்டு வென்ற ஆணுக்கோ 1,00,000 டாலருக்கும் மேல். ஒரே மலை, ஒரே வெயில், கூலி மட்டும் வேறு. பால்காட்டில் வேலை செய்த நம் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

அந்தப் பந்தயமும் 1989-க்குப் பின் நின்றது. 2022-இல் எட்டுக் கட்டங்களோடு மீண்டும் வந்தபோது, நெதர்லாந்தின் அன்னமீக் வான் புளூட்டன் தமது 39-ஆம் வயதில் வென்றார். 2024-இல் எட்டுக் கட்டங்களும் முடிந்த பிறகு முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இருந்த வித்தியாசம் வெறும் நான்கு விநாடி!

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதைதானே என்று நீங்கள் நினைக்கலாம். நம்மவர் கதையும் உண்டு. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல் வேலை செய்தவர்களும், கல்குவாரியில் கல் உடைத்தவர்களும் புடவையோடு ஏறிப் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம், அதுவே வசதி என்றும் சிலர் சொன்னார்கள்! 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். சில ஆண்டுகளுக்குள் கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் தண்ணீருக்கும், சந்தைக்கும், மருத்துவமனைக்கும் இனி யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்பதை அந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள்.

பந்தயத்தில் ஓடுகிறவர் சிலரே. நம் பிள்ளைகள் எல்லாரும் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து இடைநிலைப்பள்ளி தொலைவு. பஸ் வராத நாளில் பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பெண்பிள்ளை வீட்டில் நின்றுவிடுகிறாள். அப்படி நின்றவர்கள் சிலர் என் வகுப்பில் நன்றாகப் படித்தவர்கள். பள்ளியை விட்டே நின்றுபோனவர்களும் அவர்களில் உண்டு.

ஆகவே பெற்றோர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை, லாரி வராத தோட்டத்துப் பாதையில், உங்கள் மகளைச் சைக்கிளில் ஏற்றுங்கள். பின்னால் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடுங்கள். பிறகு, அவளிடம் சொல்லாமலே கையை விட்டுவிடுங்கள்.