இடாப்பில் ஏறாத காய்ச்சல்

1934 ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பெருகிற்று. குருநாகல், கேகாலைப் பகுதிகளில் மூண்ட மலேரியா, 1935 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. வைத்தியசாலைகளில் நோயாளர் கூட்டம் திடீரெனப் பெருகியபோதுதான் அதன் கொடுமை புலப்பட்டது.

தொற்றுநோயை வைத்தியர் அறிவிக்கவேண்டும் என்ற சட்டம் 1897 முதலே எம்மிடம் உண்டு. விடுதியில் நிரப்பப்படும் அட்டை சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீடு தேடி வருவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்டை தபாலில் போய்ச் சேருமுன் நுளம்பு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

இந்தத் தாமதத்தைக் குறைக்க 2008 இல் ஒரு முயற்சி நடந்தது. அவ்வாண்டு எலிக்காய்ச்சல் நாட்டை உலுக்கியிருந்ததும் நினைவுகூரத்தக்கது. குருநாகல் மாவட்டத்திலும் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலும் நோயாளரின் வயது, ஊர், நோய்க்குறி ஆகியவை கையடக்கத் தொலைபேசி மூலம் அனுப்பப்பட்டன. லேர்ன்ஏசியா, சர்வோதயம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியன இதில் இணைந்தன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து மென்பொருள், வழமையான எண்ணிக்கையோடு புதியதை ஒப்பிட்டு, எங்கே காய்ச்சல் கூடுகிறது என்று காட்டியது. செயற்கை நுண்ணறிவு என்ற சொல் எம் ஊர்களில் புழங்குமுன்பே அதன் ஒரு வேலை இங்கே பரீட்சிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

இன்று அதனினும் வல்ல கருவிகள் வந்துள்ளன. எனினும் எவரும் பதியாத காய்ச்சலை எந்தக் கருவி கணக்கிடும்? 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என அறிவிக்கப்பட்டது. அறிவிக்கப்பட்டவர் தொகை மட்டுமே அது. எங்கள் நாவலப்பிட்டியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கசாயம், பிறகு பார்மசியில் இரண்டு பனடோல், அதற்கும் பிறகே வைத்தியசாலை. தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த வழி இன்னும் நீளம். அந்த நாட்களெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆனால் என் வகுப்பு இடாப்பில் அவை இருக்கின்றன. ஒரே வீதியிலிருந்து மூன்று பிள்ளைகள் வரவில்லை. மூன்று கடிதங்களிலும் "காய்ச்சல்" என்றே எழுதியிருக்கும். அதைப் படித்துக் கோப்பில் போட்டுவிடுவதே இதுவரை என் வழக்கம். இந்தத் தவணை முதல் வீதியின் பெயரையும் திகதியையும் குறித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அன்றே சேர்ப்பிக்கிறேன். ஆசிரிய நண்பர்களே, உங்கள் இடாப்பையும் ஒருமுறை அப்படிப் புரட்டிப் பாருங்கள்.