பழியும் துணையும்: வேலூர் காட்டிய வழி

நூற்பும் நெசவும் தொழிலாக வேரூன்றிய கொங்கு நாட்டில் ‘நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை’ என்னும் பழமொழி புழங்குவதில் வியப்பில்லை. நல்ல பிள்ளையைக் கண்டு சொல்லும்போது அது வாழ்த்து. புரண்டு அழுது அடம்பிடிக்கும், கையில் கிடைத்ததை எறியும், பள்ளியில் பிறரை அடிக்கும், அல்லது எவரோடும் பேசாது ஒடுங்கிக்கொள்ளும் பிள்ளையின் தாயிடம் சொல்லும்போது அதுவே தீர்ப்பு. ‘வளர்ப்புச் சரியில்லை’ என்ற இரு சொற்களுக்கு அஞ்சி, கல்யாணங்களுக்கும் நோம்பிகளுக்கும் போவதையே நிறுத்திக்கொண்ட குடும்பங்களை நாம் அறிவோம்.

இத்தீர்ப்பை ஊர்த் திண்ணை மட்டுமே வழங்கியதாகக் கருத வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவமும் நெடுங்காலம் இதையே சொன்னது. 1943இல் அமெரிக்காவில் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய லியோ கானர், சில ஆண்டுகளில் அக்குழந்தைகளுடைய பெற்றோரின் குளிர்ந்த மனப்பாங்கைச் சுட்டிக்காட்டலானார். ‘குளிர்பெட்டித் தாய்’ என்ற கொடிய பட்டம் அவ்வழியே பிறந்தது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் தம் நூலில், பெற்றோரின் வெறுப்பே குழந்தையை உள்ளொடுங்கச் செய்கிறது என்று வாதிட்டார். சிகாகோவில் அவர் நடத்திய உறைவிடப் பள்ளியில் பெற்றோரை விலக்கி வைப்பதே சிகிச்சையின் பகுதியாக இருந்தது.

அதே காலத்தில் நம் நாட்டில் முற்றிலும் வேறொரு காட்சியைக் காண்கிறோம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கச் செய்தார். 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் தொடங்கியபோது, கனடாவிலிருந்து வந்து அங்கே பணியாற்றிய ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ், நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரேனும் உடன் தங்கும் முறையை நிலைபெறச் செய்தார். அம்முறை பற்றி ஆர். சாக்கோ எழுதிய கட்டுரை இந்திய மனநல மருத்துவ இதழில் வெளிவந்த ஆண்டும் 1967தான். பெட்டல்ஹைம் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய அதே ஆண்டில், வேலூர் அவர்களுக்குச் சமையற்கட்டும் கட்டிலும் கொடுத்து, கற்கவும் கேட்கவும் அழைத்துக்கொண்டிருந்தது.

இதை இந்தியப் பண்பாட்டின் மேன்மை என்று மட்டும் கொண்டாடுவது பொருந்தாது. செவிலியரும் மருத்துவரும் மிகக் குறைவாக இருந்த நாட்டில், உறவினரின் உதவியின்றி நோயாளிகளைப் பேண வழியில்லை. பற்றாக்குறையில் பிறந்த ஏற்பாடே அது. ஆயினும் அதிலிருந்து தெளிந்த உண்மை பெரிது: வீட்டுக்குத் திரும்பிய பின் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் வீட்டார்தாம், ஆகவே பயிற்சி அவர்களுக்கும் வேண்டும். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக அதே மையத்தில் இயங்கும் ‘நம்பிக்கை நிலையம்’ இக்கொள்கையின் தொடர்ச்சி. அங்கே பெற்றோர் குழந்தையோடு தங்கியே பயிற்சி பெறுகின்றனர்.

மேலைநாட்டிலும் காற்று மாறியது. ஆட்டிசமுள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாந்து, இது உடலியல் சார்ந்த நிலை என்று 1964இல் ஒரு நூலில் நிறுவ முற்பட்டார். மறு ஆண்டே பெற்றோர் சங்கம் உருவாயிற்று. 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் கானரே பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

விடுதலை மட்டும் போதுமா? அடங்காத குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று கவனித்த ஆரிகன் மாநில ஆய்வாளர் ஜெரால்டு பேட்டர்சன், அங்கே ஒரு சுழலைக் கண்டார். பிள்ளை கத்துகிறது, களைத்த தாய் கேட்டதைக் கொடுத்துவிடுகிறாள், கத்தல் நிற்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளையும், கொடுத்தால் ஓயும் என்று தாயும் கற்றுக்கொள்கின்றனர். அடுத்த முறை கத்தல் இன்னும் உரக்க எழுகிறது. இச்சுழலைத் தொடங்கியவர் யார் என்று கேட்பதில் பயனில்லை. அறுக்கத் தெரிந்தால் போதும். நல்ல நடத்தையை உடனே கவனித்துப் பாராட்டுதல், சிறு அடத்தைப் பொருட்படுத்தாமை, சொன்ன சொல்லில் அமைதியாக நிற்றல் ஆகியவை பழகினால் வரும் திறன்கள். பெற்றோர் நோயின் காரணம் அல்லர், மாற்றத்தின் கருவி. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதே அரை நூற்றாண்டுப் பிழை.

அத்திறன்களைப் பழக நேரமும் இளைப்பாறுதலும் வேண்டும். கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் அப்பத்தாளும் அத்தைமாரும் மாறிமாறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டனர்; தாய்க்கு ஒரு நாழிகை மூச்சுவிடக் கிடைத்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய பஞ்சாலைகளும், பின்னர் திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் குடும்பங்களை லைன் வீடுகளுக்குக் கொண்டுவந்தன. கூலி கூடியது, கைகள் குறைந்தன. ‘ஷிப்ட்’ முடிந்து வரும் தாய் தனியே அச்சுழலை எதிர்கொள்கிறாள். சாளை வாழ்வில் பழிச்சொல்லும் உண்டு, துணையும் உண்டு. லைன் வீட்டுக்குப் பழிச்சொல் மட்டும் கூடவே வந்துவிட்டது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சேர்க்கப்படும் சிறாரோடு அவர்தம் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் உதவியாளரோ முழுக்காலமும் தங்கவேண்டும் என விதிக்கிறது. பாகாயத்தில் வழக்கமாக இருந்தது இன்று சட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆனால் சட்டம் மருத்துவமனைக்குள்தான் செல்லும். அங்கே தங்கும் நாள்களுக்குக் கூலி இழக்கும் தாய்க்கு யார் ஈடு செய்வது, வீடு திரும்பியபின் ஒரு மாலைப்பொழுதேனும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் வருவது என்பவை ஆலைகளும் ஊரும் உறவும் விடை சொல்லவேண்டிய கேள்விகள். அடுத்த நோம்பிக்கு அந்தத் தாயையும் பிள்ளையையும் நாமே போய் அழைத்துவருவது அவ்விடையின் முதல் வரியாக இருக்கட்டும்.