எழுத்தர் ஸ்கோபலும் ஒரு சொல்லும்

அரசு மாறுங்கால் அமைச்சர் மாறுவர். அவை உறுப்பினரும் மாறுவர். அவையின் நடுவே மேசையருகில் அமர்ந்து, நடந்ததை நடந்தவாறு எழுதிவைக்கும் எழுத்தர் பெரும்பாலும் மாறுவதில்லை. புதிதாக வந்தவர்க்கு வழக்கமும் முறையும் அறிந்த அவர் இன்றியமையாதவர். பழைய ஆட்சியின் ஆணைகளெல்லாம் அவர் கையெழுத்தில் இருத்தலின் ஐயத்திற்கும் உரியவர். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் மன்னராட்சி, குடியரசு, படைத்தலைவன் ஆட்சி, மீண்டும் மன்னராட்சி என அடுத்தடுத்து மாற்றங் கண்ட இங்கிலாந்தில் இத்தகைய எழுத்தர் பட்ட பாடு பெரிது. வரலாற்று நூல்களோ அதனை ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன.

மக்கள் சபையின் எழுத்தரை நியமித்தவர் மன்னர். அவர் ஊழியம் செய்ததோ சபைக்கு. இவ்விரண்டிற்கும் இடையே இருந்த முரண்பாடு சபையின் குறிப்பேட்டிலேதான் வெளிப்பட்டது. 1621-ஆம் ஆண்டு டிசம்பரில் சபையினர் தம் உரிமைகளை வலியுறுத்தி ஓர் அறிக்கையை அதில் பதியச் செய்தனர். முதலாம் ஜேம்ஸ் மன்னர் குறிப்பேட்டை வரவழைத்துத் தம் கையாலேயே அப்பக்கத்தைக் கிழித்தெறிந்தார்.

1642 ஜனவரி 4-ஆம் நாள், உறுப்பினர் ஐவரைச் சிறைப்பிடிக்க முதலாம் சார்லஸ் மன்னர் படைவீரருடன் வந்து சபைக்குள் நுழைந்தார். ஐவரும் முன்னரே நழுவிவிட்டனர். மன்னர் பேசியதைத் துணை எழுத்தர் ஜான் ரஷ்வொர்த் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். அன்று மாலை மன்னர் அவரை அழைத்துப் படி கேட்டார். சபையில் பேசியதை மன்னரிடம் சொன்ன குற்றத்திற்காக ஓர் உறுப்பினர் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டதை நினைவூட்டி ரஷ்வொர்த் தயங்கினார். பிறர் பேசியதைத் தாம் கேட்கவில்லை, தாம் பேசியதையே கேட்பதாக மன்னர் கூறினார். அதற்கு மறுமொழி ஏது? படி எழுதிக் கொடுக்கப்பட்டது. பணிந்தவர் போலத் தோன்றினாலும், சபையின் இரகசியத்தில் ஒரு சொல்லையும் ரஷ்வொர்த் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கருதுதல் வேண்டும்.

1648 டிசம்பரில் படையினர் வாயிலில் நின்று தமக்கு ஒவ்வாத உறுப்பினரைத் தடுத்தனர். எஞ்சியவர் மன்னரை விசாரிக்க முற்பட்டனர். எழுத்தர் ஹென்றி எல்சிங் உடல்நலக் குறைவைக் காரணங்காட்டிப் பதவி விலகினார். மன்னருக்கு எதிரான அச்செயலில் தம் கை படக்கூடாது என்பதே உண்மைக் காரணமென அவர் கூறியதாக, அவரை அறிந்த ஒயிட்லாக் என்பார் எழுதியுள்ளார்.

எல்சிங்கின் இடத்திற்கு 1649 ஜனவரியில் வந்தவரே ஹென்றி ஸ்கோபல். அம்மாத இறுதியில் மன்னரின் தலை வெட்டுண்டது. மார்ச்சில் பிரபுக்கள் சபையும் ஒழிந்தது. நான்காண்டு சென்று, 1653 ஏப்ரல் 20-ஆம் நாள், குரோம்வெல் வீரரை அழைத்துவந்து சபையை வெளியேற்றினார். நிறைவேறும் தறுவாயில் இருந்த மசோதாவை எழுத்தரிடமிருந்து பறித்துத் தம் மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டார் என்பர். அந்த ஏடு பின்னர் கிடைக்கவேயில்லை. அதில் என்ன இருந்தது என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர்.

சபை வெறிச்சோடிற்று. ஸ்கோபல் அன்றைய குறிப்பேட்டில், தளபதியவர்கள் இப்பாராளுமன்றத்தை இன்று கலைத்தார் என்ற கருத்துப்பட எழுதிவைத்தார்.

குரோம்வெல் மறைந்தார், அவர் மகனது ஆட்சியும் சரிந்தது, 1659 மே மாதம் பழைய உறுப்பினரே மீண்டும் வந்தமர்ந்தனர். 1660 ஜனவரியில் அந்த வரி அவர்கள் கண்ணில் உறுத்தியது. ஒரு சொல்லுக்காக இத்தனை சினமா எனலாம். பாராளுமன்றத்தின் இசைவின்றி அதனைக் கலைத்தல் ஆகாது என்று 1641-இல் சட்டம் செய்திருந்தனர். அச்சட்டமே அவர்களுடைய உரிமைக்கு வேர். கலைத்தார் என்பது மெய்யானால் 1653-ஆம் ஆண்டோடு அவர்கள் வெறுங் குடிமக்கள். இடையூறு நேர்ந்தது என்றால் இன்னும் உறுப்பினர். ஆகவே அவ்வரி பொய்ப்பதிவு எனத் தீர்மானித்து, அதனை அடித்துவிடச் செய்து, ஸ்கோபலை நிறுத்தி வினவினர்.

அவர் அளித்த விடையைச் சாமுவேல் பீப்ஸ் ஜனவரி 9-ஆம் நாள் நாட்குறிப்பில் கேள்விப்பட்டவாறு எழுதியுள்ளார். எழுத்துத் தம்முடையதே என்று ஸ்கோபல் ஒப்புக்கொண்டார். பதவியின் கடமைப்படியும் முன்னவர் வழக்கப்படியும் எழுதியதாகச் சொன்னார். ஒரு பாராளுமன்றம் எவ்வாறு முடிந்தது என்பதைப் பின்வருவோர் அறியவே அவ்வழக்கம் ஏற்பட்டது என விளக்கினார். கலைத்தல் என்பதைத் தவிர வேறு சொல்லை அவர் அப்போது கேட்டதில்லையாம். சபையாரே ஆறாண்டு கழித்துத்தான் அதற்கு இடையூறு எனப் பெயரிட்டனர். அதற்கு முன் தாமாக ஒரு சொல்லை ஆக்கத் துணியாமைக்கு மன்னிக்க வேண்டும் என்றார். சபையாருக்கு இவ்விடை நிறைவளிக்கவில்லை. அவர் குற்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தில் அடங்குமா என்று ஆராயக் குழு அமைத்தனர்!

ஸ்கோபலை மாசற்றவர் எனப் புகழ்வதும் பொருந்தாது. குரோம்வெல்லின் ஆலோசனைச் சபைக்கும் எழுத்தராக ஊதியம் பெற்றவர் அவர். 1658-இல் குரோம்வெல் அமைத்த புதிய மேற்சபைக்கும் எழுத்தராகச் சென்றார். சபையார் ஐயுற்றதற்கு இடமுண்டு. ஆயினும் எழுதிய நாளில் அவர் எழுதியது கண்ட செய்தி. ஆட்சி மாறிய பின் பொருள் மாறிற்று; அதற்கு எழுத்தர் பொறுப்பாவது எங்ஙனம்? அன்று அச்சபையில் இருந்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பழைய ஊழியரை விசாரணைக்கு நிறுத்தும் புதிய ஆட்சி, கடமையைச் செய்தவர் எவர், கட்சியைச் சேர்ந்தவர் எவர் என்று பிரித்தறியாவிடின், அடுத்து அமரும் எழுத்தர் உண்மையை எழுத அஞ்சுவார்.

இரண்டு மாதங்களே சென்றன. 1660 மார்ச் 16-ஆம் நாள் அப்பாராளுமன்றம் தன் கலைப்பிற்குத் தானே சட்டம் செய்து முடிந்தது. ஸ்கோபலும் அவ்வாண்டிலேயே இறந்தார். பிரபுக்கள் சபை மீண்டும் கூடியபோது, 1638 முதல் அதன் எழுத்தராயிருந்து 1649-இல் வேலையிழந்த ஜான் பிரௌன் என்பவரே திரும்பி வந்து பழைய மேசையில் அமர்ந்தார்; 1691-இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார்.