சின்னப்பாவின் முகம் அகன்ற கதை

பெயரின் முதல் எழுத்திலேயே புதுக்கோட்டையைச் சுமந்தவர் பி.யு. சின்னப்பா. அவர் கோவலனாக நடித்த 'கண்ணகி' (1942) டிஸ்க்கை இன்றைய டிவியில் திரை நிறையப் போட்டால் முகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். எந்த நடிகருக்கும் நேரக்கூடாத அநியாயம் இது. டிஸ்க்கில் கோளாறு இல்லை. இரண்டு படச்சட்டங்கள் மோதிக்கொள்கின்றன.

முதல் சட்டம் 1890-களின் தொடக்கத்தில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்துக்கு நான்கு துளை உயரம் என்று அங்கே வேலை பார்த்த டிக்சன் வகுத்தார். அகலம் 4, உயரம் 3. பேசும் படங்களும் ஏறக்குறைய அந்த அளவிலேயே நின்றன. பின்னால் வந்த டிவியும் அதையே எடுத்துக்கொண்டது.

வீட்டுக்குள் டிவி வந்ததும் அமெரிக்கத் தியேட்டர்களில் கூட்டம் குறைந்தது. டிவியால் காட்ட முடியாததைக் காட்டியாக வேண்டும். பிரான்சின் ஆன்றி கிரெத்தியன் 1920-களிலேயே ஒரு லென்ஸ் செய்து வைத்திருந்தார். அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதிக்கும். புரொஜக்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரிக்கும். ஃபாக்ஸ் நிறுவனம் அதை வாங்கி 1953-இல் 'தி ரோப்' படத்தை வெளியிட்டது. அந்த முறைதான் சினிமாஸ்கோப். தமிழுக்கு அது 1973-இல் சிவாஜியின் 'ராஜராஜ சோழன்' வழியே வந்தது.

அந்த அகலம் பழைய டிவிக்குள் அடங்கவில்லை. 2006 முதல் தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ணப்பெட்டியும் 4:3 தான். ஓரங்களை வெட்ட வேண்டும், அல்லது மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட வேண்டும். வெட்டுவதைவிடப் பட்டையே மேல். கேமராமேன் வைத்த ஆட்கள் எல்லோரும் சட்டத்துக்குள் இருப்பார்கள்.

4:3-க்கும் சினிமாஸ்கோப்புக்கும் நடுவே இன்றைய டிவியின் 16:9 வந்தது. டிவிடி கிரெத்தியனின் வித்தையை லென்ஸ் இல்லாமல் செய்தது. 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும் நம் ஊர் பால் (PAL) முறை டிவிடியில் அதே 720×576 புள்ளிகள்தான். எப்படி விரிக்க வேண்டும் என்று ஒரு சிறு குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். டிவியின் வடிவம் பிளேயருக்குத் தெரியாவிட்டால் குட்டை ஆள் நெட்டையாவான், ஒல்லி ஆள் குண்டாவான்.

ஆகவே முதலில் பிளேயரின் செட்டப்பில் 'டிவி டைப்' 16:9 என்று வையுங்கள். பழைய குழாய் டிவி என்றால் '4:3 லெட்டர்பாக்ஸ்'. 'பான் ஸ்கேன்' வேண்டாம், அது ஓரங்களை வெட்டும். பிறகு டிவி ரிமோட்டில் படஅளவு பட்டனை அழுத்தியபடி நெற்றிப் பொட்டையோ வண்டிச் சக்கரத்தையோ பாருங்கள். வட்டம் வட்டமாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். 'கண்ணகி'க்கு அது 4:3; இரு பக்கமும் கறுப்பு நிற்கும், நிற்கட்டும். சினிமாஸ்கோப் படத்துக்கு 16:9-லும் திரை உயரத்தில் கால்வாசி கறுப்பாகவே இருக்கும். விசிடியில் அகலப் படம் நான்கு பக்கமும் கறுப்பு சூழ நடுவில் சிறுத்து வந்தால் மட்டும் 'ஜூம்' போடுங்கள். அது அகலத்தையும் உயரத்தையும் ஒரே அளவில் பெரிதாக்குவதால் முகம் கெடாது.