கல்லூரிச் சாலைக்குப் பெயர் தந்த கல்லூரி

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வழியாக நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். பிள்ளைகளின் சான்றிதழ் விஷயமாக டி.பி.ஐ. வளாகத்துக்குப் போகாத பெற்றோர் நம் குடியிருப்பில் குறைவு. அந்தச் சாலையின் பெயரில் உள்ள கல்லூரி எது என்று கேட்டால், மகளிர் கிறித்தவக் கல்லூரி என்று சட்டென்று சொல்லிவிடுவோம். நானும் பணி ஓய்வு பெறும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அது 1915-ல் வந்த கல்லூரி. அதற்கு நூறு வருடம் முன்பே இன்னொரு கல்லூரி இருந்தது. அது செயல்பட்ட இடம்தான் டி.பி.ஐ. வளாகம். இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாறியிருக்கிறது. பழைய ஆட்கள் அந்த இடத்தை 'ஓல்ட் காலேஜ்' என்றே சொல்வார்கள்.

அந்தக் கல்லூரியில் நம் பிள்ளைகள் யாரும் பி.ஏ. படிக்கவில்லை. அது அரசு ஊழியர்களுக்கான பயிற்சிக் கல்லூரி. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலிய மொழிகளையும் இந்த நாட்டு வழக்கங்களையும் கற்றுத்தர 1812-ல் தொடங்கியது. ஆங்கிலத்தில் காலேஜ் ஆஃப் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ். தமிழில் சென்னைக் கல்விச் சங்கம் என்றார்கள்.

எதற்காக இந்தச் செலவு? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வந்து இறங்குகிறவனுக்கு வயது பதினேழு, பதினெட்டு. சில வருடங்களில் அவன் ஒரு ஜில்லாவில் வரி வசூலிக்க வேண்டும், வழக்கு விசாரிக்க வேண்டும். ஊர்க் கணக்கு தமிழில் இருக்கும், தஞ்சாவூர்ப் பக்கம் போனால் மராத்தியில் இருக்கும். எதிரே நின்று அழுகிற குடியானவன் என்ன சொல்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் துபாஷி சொன்னதுதான் வேதம். துபாஷி நல்லவராக இருந்தால் சரி. இல்லாவிட்டால் நிலம் யாருடையது என்பதைக்கூட அவரே முடிவு செய்துவிடுவார்.

கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1800-லேயே வில்லியம் கோட்டைக் கல்லூரியைப் பெரிய அளவில் தொடங்கியிருந்தார். லண்டனில் இருந்த டைரக்டர்களுக்குச் செலவைப் பார்த்ததும் வயிற்றெரிச்சல். 1806-ல் இங்கிலாந்திலேயே ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள். பிறகு ஹெய்லிபரி என்று பெயர் பெற்றது அதுதான். ஹெட் ஆபீஸ் எந்தக் காலத்திலும் ஹெட் ஆபீஸ்தான். ஆனால் சென்னை மாகாணத்துக்கு வேண்டிய மொழிகளை இங்கே வந்துதானே முறையாகப் படிக்க முடியும்?

இதை எடுத்துச் சொல்லிக் கல்லூரியை உருவாக்கியதில் முக்கியமானவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1796-ல் சாதாரண ரைட்டராக, அதாவது குமாஸ்தாவாக, சென்னைக்கு வந்தவர் (அதனாலேயே எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம்). வருவாய் வாரியத்தில் செயலாளராக இருந்தார், மசூலிப்பட்டினத்தில் நீதிபதியாக இருந்தார், 1810-ல் சென்னைக் கலெக்டர் ஆனார். தமிழில் தன் பெயரை எல்லீசன் என்று எழுதிக்கொண்டார். திருக்குறளில் 120 குறள்களை மொழிபெயர்த்து விளக்கமும் எழுதியவர்.

பயிற்சிக் கல்லூரி என்றதும் பத்து மேஜை, ஒரு கரும்பலகை என்று நினைக்காதீர்கள். முதல் பிரச்சினையே பாடப் புத்தகம் இல்லாததுதான். நம் இலக்கணங்கள் செய்யுளில் இருந்தன. புலவரிடம் வருடக்கணக்கில் உட்கார்ந்து மனப்பாடம் செய்து, பிறகு உரை கேட்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் ஜில்லாவுக்குப் போக வேண்டிய வெள்ளைக்காரப் பையனுக்கு அது ஒத்துவருமா? அதனால் கல்லூரியே அச்சுக்கூடம் வைத்துப் புத்தகம் போட்டது. வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தை பாபிங்டன் என்ற அதிகாரி ஆங்கிலமாக்கி 1822-ல் அங்கே அச்சாயிற்று. முனிவரின் சதுரகராதி 1824-ல் வந்தது. அங்கே தமிழ் ஆசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து எழுதிய பஞ்சதந்திரக் கதை 1826-ல் வந்தது. தமிழ் உரைநடையின் ஆரம்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அது முதலில் ஒரு டிரெயினிங் மெட்டீரியல் என்பது பலருக்குத் தெரியாது.

மொழி மட்டும் போதாது, நாட்டு நடப்பும் தெரிய வேண்டும் என்பதில் எல்லிஸ் உறுதியாக இருந்தார். கிராமத்து நிலத்தில் மிராசுதாருக்கு என்ன உரிமை என்று அரசு 17 கேள்விகள் கேட்டபோது, அவர் எழுதிய பதில்கள் 1818-ல் புத்தகமாக வந்தன. அந்த வேலையில் அவருடன் உழைத்தவர் அவருடைய சிரஸ்தார் சங்கரய்யா. கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தவர் அவர். நம்மவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. இந்து சட்டமும் இஸ்லாமியச் சட்டமும் படித்து நீதிமன்ற வேலைக்குப் போகத் தனி வகுப்புகள் நடந்தன.

இனிமேல் சொல்லப் போவதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. தென்னிந்திய மொழிகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று கண்டுபிடித்தவர் கால்டுவெல் என்று படித்திருக்கிறோம். அவருடைய ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-ல். அதற்கு 40 வருடம் முன்பே, 1816-ல், அந்த உண்மை சென்னையில் அச்சாகிவிட்டது. கல்லூரி நிர்வாகக் குழுவின் செயலாளர் கேம்ப்பெல் மாணவர்களுக்காக ஒரு தெலுங்கு இலக்கணம் எழுதினார். அதன் முன்னுரைக்கு ஒரு குறிப்பாக எல்லிஸ் இதை எழுதிச் சேர்த்தார். பாடப் புத்தகத்தின் முன்னுரைக்கு வந்த குறிப்பை யார் படிக்கப் போகிறார்கள்?

கல்கத்தாவில் அப்போது எல்லா மொழிகளும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை என்றார்கள். பெரிய பண்டிதரான வில்லியம் கேரியே தெலுங்கைப் பற்றி அப்படித்தான் எழுதினார். எல்லிஸ் வாதம் செய்யவில்லை. பேரேட்டைச் சரிபார்க்கிற மாதிரி பத்தி பிரித்து எழுதினார். தெலுங்கு வேர்ச்சொற்களையும் சமஸ்கிருத வேர்ச்சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், டேலி ஆகவில்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தார், டேலி ஆயிற்று. பிறகு சொற்கள், பிறகு வாக்கிய அமைப்பு என்று போனார். நமக்குத் தெரிந்த சொற்களிலேயே பாருங்களேன். நாம் கண் என்றால் தெலுங்கர் கன்னு, கன்னடர் கண்ணு. நாம் நீர் என்றால் அவர்கள் இருவருக்கும் நீரு. மலையாளம், துளு, குடகு மொழியையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்தார். வடக்கே ராஜ்மகால் மலைவாசிகளின் பேச்சுக்கும் இதோடு உறவு உண்டு என்றும் சொன்னார்.

ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இது நடக்கவில்லை, பயிற்சிக் கல்லூரியில்தான் நடந்தது. அதற்குக் காரணம் ரொம்ப லௌகீகமானது. இந்த மொழிகள் உறவு என்றால், ஒன்றைப் படித்தவனுக்கு இரண்டாவது சுலபம். இன்று கடப்பையில் இருப்பவனை நாளை திருநெல்வேலிக்கு மாற்றலாம். பாடத்திட்டம் போட உட்கார்ந்த இடத்தில்தான் குடும்பம் தெரிந்தது. எல்லிஸ் தனியாகவும் இதைச் செய்துவிடவில்லை. தெலுங்கு வேர்ச்சொல் பட்டியல் கல்லூரிப் பண்டிதர் பட்டாபிராம சாஸ்திரியுடையது. அகராதி மசூலிப்பட்டினத்து வணிகர் மாமிடி வெங்கையாவுடையது. (ஒரு வியாபாரி அகராதி எழுதியிருக்கிறார் என்று படித்தபோது, பி.காம். படித்த எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.) நான் பார்த்த வரையில், இந்தப் பெயர்கள் நம் பள்ளிப் புத்தகம் எதிலும் இல்லை.

மாணவர்கள் எப்படி? படித்தால் படி உயரும், தேறினால் பரிசு உண்டு. எனவே பரிசுக்காகப் படித்து மறந்தவர்களும் இருந்திருப்பார்கள். 1817-ல் வந்த சி.பி.பிரௌன் அப்படி மறக்கவில்லை. 1820-ல் தேர்வு முடித்துக் கடப்பைக்குப் போனவர், வேமனர் பாடல்களைத் தேடித் திரட்டி 1829-ல் மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். அவருடைய தெலுங்கு அகராதி இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

பரிசுக்காகப் படித்து மறந்தவர்களைப் பற்றி நான் பேசக்கூடாது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் எங்களைப் போன்ற வங்கி ஊழியர்களுக்கும் ஹிந்தியில் பிரபோத், பிரவீண், பிராக்யா என்று மூன்று தேர்வு உண்டு. மூன்றையும் முடித்தேன். ரொக்கப் பரிசு வந்தது, வீட்டுக்கு மிக்ஸி வாங்கினோம். அடுத்த வருடம் சௌகார்பேட்டைப் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றல். ஒருநாள் மத்தியானம் ஒரு வயதான அம்மாள் வந்தார், முக்காடு போட்டிருந்தார். கணவர் இறந்துவிட்டார், வைப்புத்தொகை ரசீது கையில் இருக்கிறது. அதுவரை எனக்குப் புரிந்தது. 'தங்களது கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று ஹிந்தியில் எழுத எனக்கு வரும். 'நாமினி யாரம்மா? உங்கள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?' என்று கேட்க வாய் வரவில்லை. மகனை அழைத்து வரச் சொல்லிச் சைகை காட்டினேன். மறுநாளும் தனியாகவே வந்து, மறுபடி திரும்பிப் போனார். மூன்றாம் முறை எங்கள் நகை மதிப்பீட்டாளர் பக்கத்தில் இருந்தார். அந்தப் பேட்டையிலேயே வளர்ந்தவர், எந்தத் தேர்வும் எழுதாதவர். இரண்டு நிமிடம் பேசினார். அந்த அம்மாளுக்கு மகனே இல்லை. என் சான்றிதழ் அப்போது மேலாளர் அறைச் சுவரில் மாட்டியிருந்தது.

எல்லிஸின் கதை சோகமாக முடிகிறது. நாற்பது வயது வரை எதையும் பெரிதாக வெளியிடுவதில்லை, அதுவரை படிப்பது மட்டுமே என்று அவர் வைராக்கியம் வைத்திருந்தாராம். 1819 மார்ச் 10 அன்று ராமநாதபுரத்தில் தவறுதலாக விஷம் உட்கொண்டு இறந்துபோனார். வயது 41. அவருடைய சாமான்கள் ஏலம் போயின. காகிதங்களை யாரும் கேட்கவில்லை. மதுரையில் ஒரு அதிகாரி வீட்டுச் சமையல்காரர் பல மாதம் அவற்றை வைத்து அடுப்பு மூட்டினார், கோழி வாட்டினார் என்று பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். தப்பிய கொஞ்சம் வால்டர் எலியட் கைக்குப் போய், அவரிடமிருந்து ஜி.யு.போப்புக்குப் போய், ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் டிரவுட்மன் அங்கும் இங்கும் தேடி, 2006-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதிய பிறகுதான் எல்லிஸ் செய்தது என்ன என்று வெளியே ஓரளவு தெரிந்தது.

கல்லூரி 1854 வரை நடந்தது. பிறகு தேர்வு நடத்துவதற்கு மட்டும் ஒரு குழு போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டுத் தேர்வை மட்டும் வைத்துக்கொள்வது செலவு குறைந்த வழிதான். கம்பெனி இதையெல்லாம் நம் மேல் உள்ள அன்பால் செய்யவில்லை, வரி ஒழுங்காக வர வேண்டும் என்று செய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லிஸின் கல்லறை திண்டுக்கல்லில் இருக்கிறது, அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது அவர் கிணறுகள் வெட்டினார். ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றருகே அவர் வைத்த தமிழ்க் கல்வெட்டு இப்போது மதுரை திருமலை நாயக்கர் மகாலில் உள்ளது. கோடை விடுமுறையில் மதுரைக்குப் போகிறவர்கள் ஒலி-ஒளிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னதாகப் போனால் அதைப் பார்த்துவிடலாம். படம் எடுத்து வந்தால் எனக்கும் அனுப்புங்கள். என் முட்டி அவ்வளவு தூரம் இனி ஒத்துழைக்காது.