102 மாடி, ஆள்தான் இல்லை

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் பில்டிங்கை நம் வயதுக்காரர்களில் பலர் முதலில் பார்த்தது கிங் காங் படத்தில்தான். 1933இல் அந்தப் படம் வந்தபோது கட்டிடத்தின் பெரும்பகுதி வாடகைக்கு ஆளில்லாமல் காலியாகக் கிடந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

கட்ட முனைந்தவர் ஜெனரல் மோட்டார்ஸில் பெரிய பதவியில் இருந்த ஜான் ராஸ்கோப். முன்னால் நின்றவர் ஆல் ஸ்மித். நியூயார்க் மாநில முன்னாள் கவர்னர், 1928 ஜனாதிபதித் தேர்தலில் ஹூவரிடம் தோற்றவர். 1929 ஆகஸ்டில் திட்டத்தை அறிவித்தார்கள். இரண்டே மாதத்தில் பங்குச் சந்தை சரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. 1930 மார்ச்சில் வேலை தொடங்கி 1931 மே 1 அன்று திறந்துவிட்டார்கள். வாஷிங்டனில் பொத்தானை அழுத்தி விளக்கேற்றியவர் அதே ஹூவர்!

அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை, தை பிறக்கட்டும் என்பார்கள். நியூயார்க்கில் அலுவலக வாடகை ஒப்பந்தங்கள் வழக்கமாக மே 1இல் தொடங்கும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போயிற்று.

தேதியைப் பிடித்தும் பயனில்லை. திறந்த அன்று கால்வாசி இடத்துக்குக்கூட ஆள் வரவில்லை. ஊரார் 'எம்ப்டி ஸ்டேட் பில்டிங்' என்று கேலி பேசினார்கள். காலி மாடிகளிலும் இரவில் விளக்கெரிய விட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. உச்சியில் ஆகாயக்கப்பலைக் கட்டிவைக்கக் கம்பம் வேறு. அந்த உயரத்துக் காற்றில் அது நடக்கிற காரியமா? முக்கியப் பிரமுகர் யார் வந்தாலும் ஸ்மித்தே மேலே அழைத்துப்போய் ஊரைக் காட்டினார், மறுநாள் பேப்பரில் படம் வந்தது. 86ஆவது மாடியிலிருந்து வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதியது. முதல் வருடம் மொத்த வாடகைக்கு ஈடாக டிக்கெட் காசு வந்ததாம். வேடிக்கை பார்க்க வந்தவர் யாரும் ஆபீஸ் பிடிக்கவில்லை.

நான் வங்கியில் இருந்தபோது கிளைக்கு இடம் தேடி அலைந்திருக்கிறேன். கட்டிடம் எத்தனை மாடி என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், தண்ணீர் வருமா, பழைய இடத்து ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை மாதம், இவைதான் கேள்வி. எம்பயர் ஸ்டேட்டுக்குப் பக்கத்தில் பெரிய ரயில் நிலையம் இல்லை. போட்டிக்கு நின்ற கிரைஸ்லர் கட்டிடமோ கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் வாசலிலேயே இருந்தது.

கடைசிக் கேள்விக்கு விடை கண்டவர்கள் ராக்கஃபெல்லர் சென்டர்காரர்கள். அவர்களுக்கும் நெருக்கடிதான். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வருடம் 30 லட்சம் டாலருக்கு மேல் நிலக் குத்தகை. வருவதாக இருந்த ஆப்பரா கம்பெனி பின்வாங்கிவிட்டது. ஆர்.சி.ஏ. ரேடியோ கம்பெனியை முதலில் பிடித்தார்கள். பிறகு மற்றவர்களிடம், "உங்கள் பழைய இடத்து ஒப்பந்தத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், நீங்கள் இங்கே வாருங்கள்" என்றார்கள். ஆள் வரத் தொடங்கியது. பறிகொடுத்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். ஆகஸ்ட் ஹெக்‌ஷர் என்ற முதிய கட்டிட முதலாளி 1934 ஜனவரியில் ஒரு கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்கே போட்டார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரே படுத்துக் கிடந்தபோது ஒரு கட்டிடம் நிரம்ப இன்னொன்று காலியாகத்தான் வேண்டியிருந்தது.

அங்கேயும் ஒரு சறுக்கல். தாழ்வாக அமைந்த நடு முற்றத்துக் கடைகளில் வியாபாரமே இல்லை. 1936 கிறிஸ்துமஸ் அன்று தற்காலிகமாக ஒரு பனிச்சறுக்குத் தளம் போட்டுப் பார்த்தார்கள். இன்றும் இருக்கிறது.

ஸ்மித் 1944இல் காலமானார். எம்பயர் ஸ்டேட் லாபம் பார்க்க 1950 வாக்கில் ஆயிற்று. அந்த வருடமே ராஸ்கோப்பும் போய்விட்டார். அடுத்த வருடம் 5 கோடியே 10 லட்சம் டாலருக்குக் கட்டிடம் கைமாறியது.