கல்வெட்டில் ஏறாத கம்பஞ்சோறு

சென்னிமலைத் தயிர் புளிப்பதில்லை என்பர். மலைமீதுள்ள முருகனுக்கு முழுக்காட்டும் தயிரைப் பற்றி வழிவழியாக வழங்கும் கதை அது. மலையடிவாரத்திலே, தறிக்குழியில் நாளெல்லாம் கால் மிதித்த நெசவாளியின் கலயத்தில், இரவு முழுதும் நீரில் ஊறிப் புளித்த கம்பஞ்சோற்றைப் பற்றியோ எவரும் கதை கட்டவில்லை. புளிக்காத தயிருக்குப் புராணம் உண்டு. புளித்த கூழுக்கு ஒரு வரி வரலாறும் இல்லை! ஏன்?

சென்னிமலைக்கு அண்மையில், நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். 1985 முதல் அங்கு நடந்த அகழாய்வுகளில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே பானையில் பெயர் பொறிக்கத் தெரிந்த மக்கள் வாழ்ந்த மண் இது. ஆனால் அப்பானையில் வெந்தது எது, அதை ஆக்கியவள் யார் என்பதை அந்தப் பெயர்கள் சொல்லவில்லை.

பின்னர்க் கல்வெட்டுகள் பெருகின. தஞ்சைப் பெரிய கோவிலில், பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க 360 காசு முதலாக வைக்கப்பட்டது என்பது கல்லில் இருக்கிறது. வட்டி எவ்வளவு, காசுக்குப் பழம் எத்தனை என்பதும் இருக்கிறது. கல் சுமந்தவன் அன்று என்ன உண்டான்? அக்கணக்கைக் காணோம்.

வெள்ளையர் வந்தனர். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், புக்கானன் என்பார் கோவைச் சீமையைச் சுற்றினார். 1807இல் வெளிவந்த அவருடைய பயண ஏட்டில் கம்பும் சோளமும் கொள்ளும் இடம்பெற்றன. 1887இல் நிக்கல்சன் கோவை மாவட்டக் கையேட்டைத் தொகுத்தார். ஆட்சியாளரின் நோக்கம் விளைச்சல், விலை, வரி! தவசம் ஏட்டில் ஏறிற்று. அதைக் குத்திய கை ஏறவில்லை.

1951இல் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ அச்சேறியது. ஒரு பெண் தன் அடுக்களை அறிவை நூலாக்கியது பாராட்டுக்குரியது. எனினும் அது பதிந்தது பார்ப்பன இல்லத்துச் சமையலை. எழுத்து எவரிடம் இருந்ததோ, அவர் வீட்டு அடுப்பே ஏட்டில் எரிந்தது.

ஏட்டில் இல்லாததால் அது அறிவன்று ஆகிவிடுமா? எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கம்பை நீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, உமி நீக்கி, மீண்டும் குத்தி, நொய்யை முதலிலும் மாவைப் பின்னரும் உலையிலிட்டுக் கிளறி, உருண்டையாக்கி, நீரிலே போட்டு வைத்து, மறுநாள் மோரும் சின்ன வெங்காயமுமாய் உண்டனர். இரவில் அதைப் புளிக்க வைத்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். தயிரைப் புளிக்க வைப்பவையும் அவையே. கோடையில் ஊறல் எவ்வளவு, குளிரில் எவ்வளவு என்று கைப்பழக்கத்தால் அறிந்தவள் எழுத்தறியாதவள், அறிவற்றவள் அல்லள்.

பழைமையைப் பாடிப் பரவுவதற்காக இதைச் சொல்லவில்லை. அரிசிச் சோறு விழாநாளில் மட்டுமே கிடைத்த வீடுகள் பல இருந்தன. 1967இல் அண்ணாவின் அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. ஏழையின் உலையில் அரிசி வெந்தது வெற்றியே. இன்றோ கம்புக்கு மறுவாழ்வு! 2023ஐச் சிறுதானிய ஆண்டென உலக மன்றம் கொண்டாடியது. பகட்டான பொட்டலத்தில் விலைபோகிறது பாட்டாளியின் உணவு. அவன் வரலாறு மட்டும் பொட்டலத்திலும் இல்லை.

வழி என்ன? மராத்தியில் ஷாகு பட்டோலே 2015இல் ஒரு நூல் எழுதினார். உணவே முழுமையான பிரம்மம் என்ற வைதிக வாசகத்தைத் திருப்பி, ‘முழுமையற்ற பிரம்மம்’ என்று பெயரிட்டார். மகார், மாங்கு மக்களின் சமையலை நினைவிலிருந்து மீட்டு எழுதினார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. இங்கே, பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் நம் சொற்களைக் காத்தது. சொல்லுக்குப் பின்னால் உள்ள கைப்பக்குவத்தைக் காப்பது நம் கடன்.

இளைஞர்களே, அம்மாயியிடமும் ஆத்தாவிடமும் கேளுங்கள். பண்ணைக்கீரையை எங்கே பறித்தீர்கள், கொள்ளை எப்படிக் கடைந்தீர்கள் என்று கேளுங்கள். அத்தோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் கடைசியில் உண்டவர் யார்? சட்டி காலியான நாளில் தாய் என்ன செய்தாள்? பண்ணையத்தில் உழைத்த அருந்ததியர்க்குக் கூழ் எதில் ஊற்றப்பட்டது, எங்கே நிறுத்தி ஊற்றப்பட்டது? சேரிக்கும் செல்லுங்கள், அங்குள்ள முதியவளின் சொல்லையும் அதே மதிப்போடு பதியுங்கள். சுவையை மட்டும் எழுதினால் அது விளம்பரம். சுவையோடு பசியையும் சாதியையும் எழுதினால்தான் வரலாறு.

அவர்கள் இசைவைப் பெற்று, ஊர், தொழில், நாள் குறித்து, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். குரலையும் பதிவு செய்யுங்கள். ஒரு படியை ஊர் நூலகத்தில் வையுங்கள். உரலில் கம்பு குத்திய கைகள் தளர்ந்துவிட்டன. கேட்பாரின்றி அந்த நினைவுகள் சுடுகாடு சேர்கின்றன. கல்வெட்டு காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.